ஜூலையிலும் பனி, மதியம் ஆனால் மின்னல்: விட்னி சிகரத்தில் ‘கோடை’ என்பது எப்போது?

“பெர்மிட் கிடைச்சிருச்சு!”

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் நம்மூர் இளைஞர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் மார்ச் மாதம் வரும் சந்தோஷமான மெசேஜ்களில் இதுவும் ஒன்று. விட்னி சிகரம் ஏற பிப்ரவரியில் லாட்டரிக்கு விண்ணப்பித்தவர்களுக்கு மார்ச் நடுவில்தான் முடிவு தெரியும். தேதி கிடைத்ததும் லீவு போடுவார்கள், ஷூ வாங்குவார்கள், காரில் யார் யார் வருவது என்று முடிவு செய்வார்கள்.

ஆனால் அந்தத் தேதியில் மலை எந்த நிலையில் இருக்கும் என்று மார்ச்சில் யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஜூன் 20-ம் தேதி, ஒரு வருடம் காய்ந்த பாறைப் பாதையாக இருக்கும். இன்னொரு வருடம் அதே இடம் வழுக்கினால் நிற்க வழியில்லாத பனிச்சரிவாக இருக்கும். லாட்டரியில் ஜெயித்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுவதுதான் பல விபத்துகளின் ஆரம்பம்.

அப்படியானால் கோடையில் விட்னி பாதை எப்படி இருக்கும்? எந்த மாதத்தில் என்ன ஆபத்து? எந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும்? பார்ப்போம்.

எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்?

அலாஸ்கா, ஹவாயைத் தவிர்த்த அமெரிக்காவின் 48 மாநிலங்களில் மிக உயரமான மலை விட்னிதான். 4,421 மீட்டர். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், லோன் பைன் என்ற சிறிய ஊருக்கு மேலே நிற்கிறது.

நடக்க ஆரம்பிக்கும் இடத்தின் பெயர் விட்னி போர்ட்டல். உயரம் சுமார் 2,550 மீட்டர். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது, காரை நிறுத்தும் இடமே கிட்டத்தட்ட தொட்டபெட்டா உயரம். அதற்கு மேல்தான் ஏற்றமே தொடங்குகிறது.

போக வர மொத்தம் சுமார் 35 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். கயிறு கட்டிப் பாறை ஏற வேண்டிய வேலை இல்லை. பாதை நன்றாக வெட்டப்பட்டிருக்கிறது. “நடந்தே போயிடலாமாம்” என்று பலர் கிளம்புவதற்குக் காரணம் இதுதான். பனி இல்லாத நாளில் அது உண்மையும்கூட.

மே 1 முதல் நவம்பர் 1 வரை அனுமதிக்கு வரம்பு உண்டு. ஒரே நாளில் போய்த் திரும்புபவர்கள் தினமும் 100 பேர், இரவு தங்கி ஏறுபவர்கள் 60 பேர் மட்டுமே இந்தப் பாதையில் அனுமதிக்கப்படுகிறார்கள்.

கோடையில் பனி எப்படி?

உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் என்று கணக்கு. லோன் பைன் ஊர் 1,136 மீட்டரில் இருக்கிறது. அங்கே 38 டிகிரி வெயில் கொளுத்தும் நாளில், உச்சியில் 16-17 டிகிரி. அதுவும் பகலில், காற்று அடிக்காத நேரத்தில். இரவில் சுழியத்துக்குக் கீழே போவது ஜூலையிலும் நடக்கும்.

குளிர்காலத்தில் விழுந்த பனி உருகி முடிய வேண்டுமே, அதுதான் அடுத்த பிரச்சினை. அந்த வருடம் எவ்வளவு பனி விழுந்தது, வசந்தகாலம் எவ்வளவு சூடாக இருந்தது, அந்தச் சரிவில் வெயில் படுகிறதா என்ற மூன்றையும் பொறுத்து இது மாறும்.

2023 நல்ல உதாரணம். அந்த வருடம் ஏப்ரல் 1-ம் தேதி கலிஃபோர்னியா மலைகளில் சேர்ந்திருந்த பனியின் அளவு, சராசரியைப் போல 237 சதவீதம். அந்தக் கோடையில், வழக்கமாகக் காய்ந்துவிடும் நேரத்திலும் விட்னியின் மேல்பாதை பனிக்குள் கிடந்தது. பனி குறைவான வருடங்களிலோ ஜூன் நடுவிலேயே பாறை தெரிய ஆரம்பித்துவிடும்.

எனவே, “போன வருஷம் இதே தேதியில என் ஃப்ரெண்ட் சாதாரண ஷூ போட்டுட்டுப் போயிட்டு வந்தான்” என்பது தகவலே அல்ல. அது போன வருட மலை.

பாதையில் எந்த இடம் சிக்கல்?

முதல் 10 கிலோமீட்டர் பெரும்பாலும் பிரச்சினை தராது. பைன் மரங்கள், ஓடைகள், சின்ன ஏரிகள். கோடையின் தொடக்கத்தில் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் வேகமாக வரும். காலையில் கல் மேல் கால் வைத்து எளிதாகத் தாண்டிய ஓடை, வெயிலில் பனி உருகியபின் மாலையில் பெருகியிருக்கும். திரும்பும் வழியில் இதை எதிர்பார்த்தே வர வேண்டும்.

சுமார் 3,660 மீட்டரில் ‘டிரெயில் கேம்ப்’. லடாக்கின் லே நகரைவிட உயரம். மரங்கள் எல்லாம் இதற்கு முன்பே முடிந்துவிடும். இங்கே சுற்றிலும் பாறைதான். நம்பித் தண்ணீர் பிடிக்கக்கூடிய கடைசி இடமும் இதுதான். இங்கிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப சுமார் 15 கிலோமீட்டர். அதுவரைக்குமான தண்ணீரை இங்கேயே வடிகட்டி நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அடுத்துதான் பிரபலமான கொண்டை ஊசி வளைவுகள். 97 என்றும் சொல்வார்கள், 99 என்றும் சொல்வார்கள். ஏறும்போது எண்ணிக்கொண்டே போய்ப் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். இந்த வளைவுகள் சுமார் 500 மீட்டர் உயரத்தை ஏற்றி, ‘டிரெயில் கிரெஸ்ட்’ என்ற மலைமுகட்டில் கொண்டுபோய் விடும். அதன் உயரம் சுமார் 4,150 மீட்டர்.

பனி நிறைந்த நாட்களில் இந்த வளைவுகளே கண்ணுக்குத் தெரியாது. மொத்தமும் ஒரே வெள்ளைச் சரிவு. காலையில் அது கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். வெயில் ஏறியதும் இளகி, கால் தொடை வரை புதையும்.

வளைவுகளுக்கு நடுவே இரும்புக் கம்பி கைப்பிடி போட்ட ஒரு பகுதி உண்டு. ‘கேபிள்ஸ்’ என்பார்கள். நிழல் விழும் இடம் என்பதால் மற்ற இடங்கள் காய்ந்தபிறகும் இங்கே பனி நிற்கும். பாறையில் கசியும் தண்ணீர் இரவில் உறைந்து, பாதையில் பனிக்கட்டித் தகடாகக் கிடக்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். “பாதை முழுக்க கிளியர், கேபிள்ஸ்ல மட்டும் கொஞ்சம் ஐஸ்” என்று யாராவது சொன்னால், அந்தக் ‘கொஞ்சம்’ எத்தனை அடி என்று கேளுங்கள். சறுக்கி விழ நான்கு அடி போதும்.

மைக்ரோஸ்பைக் போதுமா?

ஷூவின் அடியில் ரப்பர் பட்டையோடு மாட்டும் சின்ன இரும்பு முட்கள்தான் மைக்ரோஸ்பைக். சமமான பாதையிலும், லேசான சரிவிலும் நன்றாகப் பிடிக்கும். செங்குத்தான பனிச்சரிவில் அது போதாது. அங்கே தேவைப்படுவது கிராம்பான் எனப்படும் நீளமான முட்களும், ஐஸ் ஆக்ஸ் எனப்படும் பனிக்கோடரியும்.

கோடரி எதற்கு? சறுக்க ஆரம்பித்த முதல் ஓரிரு விநாடியில் உடலைத் திருப்பி, அதைப் பனியில் குத்தி நிறுத்துவதற்கு. இதைப் பயிற்சி இல்லாமல் செய்ய முடியாது. வாடகைக்கு எடுத்துப் பையில் தொங்கவிட்டுப் போனால் அது வெறும் சுமை. பழகியவரோடு, ஆபத்து இல்லாத சின்னச் சரிவில் பலமுறை விழுந்து பழகியிருக்க வேண்டும்.

இன்னொரு ஆசையும் வரும். இறங்கும்போது வளைவுகளில் சுற்றாமல், பனிச்சரிவில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே கீழே போய்விடலாம் என்று தோன்றும். இரண்டு மணி நேர நடை பத்து நிமிடத்தில் முடியும். வீடியோவும் செமயா வரும். ஆனால் மதியத்துக்குப் பிறகு மலையின் நிழல் விழுந்ததும் பனி மறுபடி இறுகிவிடும். வேகம் கைமீறினால் கீழே காத்திருப்பது பாறைகள். கிராம்பான் மாட்டியபடி சறுக்கினால், முள் பனியில் சிக்கிக் கணுக்கால் உடையும். இந்த மலையில் காயமடைவோரில் பலர் ஏறும்போது அடிபடுவதில்லை. இப்படி இறங்கும்போதுதான் அடிபடுகிறார்கள்.

பனி போனதும் பயமில்லையா?

இல்லை. ஆபத்து ஆள் மாறி வருகிறது, அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதிக்கும் ஒரு பருவமழை உண்டு. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். பத்து மணிக்குப் பஞ்சு மாதிரி ஒரு மேகம் தெரியும். பன்னிரண்டு மணிக்கு அது கோபுரமாக வளர்ந்திருக்கும். அதன்பின் இடி, மின்னல், ஆலங்கட்டி.

விட்னியில் இது ஏன் கூடுதல் ஆபத்து? டிரெயில் கிரெஸ்ட்டில் இருந்து உச்சிக்கு இன்னும் சுமார் 4 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுவதும் மலைமுகட்டை ஒட்டிய பாதை. மரம் இல்லை, ஒதுங்க இடம் இல்லை. சட்டென்று கீழே இறங்கக் குறுக்கு வழியும் இல்லை. வந்த வழியே திரும்பி டிரெயில் கிரெஸ்ட்டைத் தாண்டினால்தான் இறக்கம். அதிலும் ஒரு கொடுமை: டிரெயில் கிரெஸ்ட்டைத் தாண்டியதும் பாதை கொஞ்சம் கீழே இறங்கித்தான் உச்சி நோக்கி ஏறுகிறது. எனவே திரும்பி ஓடி வரும்போது, களைத்த காலோடு மறுபடி ஒரு ஏற்றம் ஏற வேண்டும்.

உச்சியில் ஒரு கல் வீடு இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனம் ஆய்வாளர்களுக்காக 1909-ல் கட்டியது. அதற்கு 5 வருடம் முன்பு, 1904-ல், உச்சியில் இருந்த ஓர் அரசு ஊழியர் மின்னல் தாக்கி இறந்திருந்தார். அங்கே ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்தச் சாவும் ஒரு காரணம். ஆனால் 1990 ஜூலையில் புயலுக்குப் பயந்து இதே கல் வீட்டுக்குள் புகுந்தவர்களை மின்னல் தாக்கியது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். இடி இடிக்கும்போது உள்ளே ஒதுங்காதீர்கள் என்ற எச்சரிக்கை இப்போது அங்கே இருக்கிறது. சுவரும் கூரையும் இருப்பதாலேயே ஓர் இடம் மின்னலுக்குப் பாதுகாப்பாகிவிடாது.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

“விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினா போதும்” என்று பலர் சொல்வார்கள். போட்டுப் பார்க்கலாம்.

முதல் முறை ஏறும் ஒருவர் டிரெயில் கேம்ப் போக 5 மணி நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணி. கொண்டை ஊசி வளைவுகளுக்கு இரண்டரை மணி நேரம். டிரெயில் கிரெஸ்ட்டில் பத்தரை. அங்கிருந்து உச்சிக்கு இன்னொரு இரண்டரை மணி நேரம். அதாவது மதியம் 1 மணி. இடிமேகம் திரளும் நேரத்துக்குச் சரியாக உச்சியில் நிற்பார். திரும்பி டிரெயில் கிரெஸ்ட்டைத் தாண்ட 3 மணியாவது ஆகும்.

இதே வேகத்தில் நள்ளிரவு பன்னிரண்டரைக்குக் கிளம்பினால்? பத்தரைக்கு உச்சி. பதினொரு மணிக்குத் திரும்பினால், மதியம் 1 மணிவாக்கில் டிரெயில் கிரெஸ்ட்டைத் தாண்டிவிடலாம். ஒருநாள் அனுமதி நள்ளிரவு 12 மணிக்கே தொடங்குவதால் இதில் விதிமீறலும் இல்லை. தூக்கம் போகும், உண்மைதான். அதைவிட நல்ல வழி, இரவு தங்கும் அனுமதி எடுத்து இரண்டு நாளாக ஏறுவது.

உங்கள் வேகத்தை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள். பிறகு ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள்: “மதியம் 12 மணி ஆனா எங்க இருந்தாலும் திரும்பிடணும்.” இந்த முடிவை வீட்டிலேயே, குரூப்பில் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கும் முடிவு எப்போதும் ஒரே முடிவாகத்தான் இருக்கும்.

மூச்சு வாங்குவதும் மலைநோயும் ஒன்றா?

உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. நின்றதும் அது சரியாகிவிட வேண்டும்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு. இவையெல்லாம் மலைநோயின் தொடக்கம். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். தினமும் ஜிம் போகிறவருக்கும் வரும், மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும். உடல் தகுதிக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. எவ்வளவு வேகமாக உயரத்துக்கு வந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடித்து, கடல் மட்டத்தில் இருக்கும் ஊரிலிருந்து இரவெல்லாம் கார் ஓட்டி, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து ஏற ஆரம்பிப்பவர்களின் உடலுக்குப் பழக நேரமே கிடைப்பதில்லை. ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே வந்து, விட்னி போர்ட்டலிலோ, லோன் பைன் அருகே சுமார் 3,000 மீட்டரில் இருக்கும் ஹார்ஸ்ஷூ மெடோஸ் முகாமிலோ தூங்கினால் பெரிய வித்தியாசம் தெரியும். மலைநோயைத் தடுக்க மாத்திரை உண்டு. அது உங்களுக்கு ஒத்துவருமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே இறங்க வேண்டும்:

- சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, விடாத இருமல். நுரையீரலில் நீர் சேர்வதன் அறிகுறியாக இருக்கலாம்.
- தள்ளாட்டம், குழப்பமான பேச்சு. குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம்.

இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. அவரைத் தனியாக இறங்க விடக் கூடாது. “நீ இங்கேயே உட்காரு, நாங்க உச்சிக்குப் போயிட்டு வர்றப்ப கூட்டிட்டுப் போறோம்” என்று சொல்வது மிகப்பெரிய தவறு. அவருக்குத் தேவை ஓய்வு அல்ல, குறைந்த உயரம்.

எந்த மாதம் பெஸ்ட்?

மே – ஜூன்: பெரும்பாலும் பனி ஏற்றம். கோடரி, கிராம்பான் பழகியவர்களுக்கு மட்டும்.

ஜூலை: சராசரி வருடத்தில் பாதை திறக்கும் நேரம். கேபிள்ஸ் பகுதியில் பனி மிச்சம் இருக்கலாம். மின்னல் சீசன் தொடங்கிவிடும்.

ஆகஸ்ட்: பாதை பொதுவாகக் காய்ந்திருக்கும். மதிய இடிமழைதான் கவலை. 2023 ஆகஸ்ட்டில் ஹிலரி புயலின் மழையில் விட்னி போர்ட்டலுக்குப் போகும் ரோடே சேதமடைந்து மூடப்பட்டது.

செப்டம்பர்: பல அனுபவசாலிகளின் சாய்ஸ். இடிமழை குறையத் தொடங்கும். ஆனால் பகல் குறைவு, இரவுக் குளிர் அதிகம். புதுப்பனி விழவும் வாய்ப்பு உண்டு.

கிளம்பும் முன் செக் பண்ண வேண்டியவை

1. இன்யோ தேசிய வனத்துறை வெளியிடும் பாதை நிலவரம். ‘பாதை திறந்திருக்கிறதா’ என்பதோடு நிறுத்தாமல், பனி எந்த உயரத்தில் தொடங்குகிறது, கேபிள்ஸ் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.
2. வானிலை அறிக்கை. லோன் பைன் ஊரின் வானிலை உதவாது. உச்சி அதைவிட 3,300 மீட்டர் உயரம். அமெரிக்கத் தேசிய வானிலை சேவையின் வரைபடத்தில் உச்சியையே தொட்டுப் பாருங்கள்.
3. ஹெட்லைட், கூடுதல் பேட்டரி, மழைக்கோட்டு, கதகதப்பான உடை, கையுறை. வெயில் அடிக்கிறதே என்று வண்டியில் விட்டுவிடாதீர்கள்.
4. உப்புச் சேர்ந்த, எளிதில் இறங்கும் சாப்பாடு. உயரத்தில் பசி தெரியாது. பசிக்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். டிரெயில் கேம்ப்பில் பையைக் கீழே வைத்துவிட்டு நகராதீர்கள். மார்மட் என்ற கொழுத்த அணில் இனப் பிராணி பையையே கடித்துத் திறந்துவிடும். காரிலும் உணவை வைக்கக் கூடாது. கரடி கதவை உடைக்கும்.
5. மலம் கழிக்கும் பை. பாதையில் கழிப்பறை இல்லை. எல்லோரும் தங்கள் கழிவைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது கட்டாய விதி.

இன்னும் ஒன்று. மலையில் போன் சிக்னலை நம்ப முடியாது. உதவி கேட்டாலும், வருபவர்கள் இன்யோ கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகத்தின் கீழ் இயங்கும் தன்னார்வலர்கள். அவர்களும் நடந்துதான் ஏற வேண்டியிருக்கும். காற்று மெலிந்த அந்த உயரத்தில், மோசமான வானிலையில், ஹெலிகாப்டர் வருமென்று நினைத்துப் போகக் கூடாது.

அதனால் கிளம்பும் முன் ரூம்மேட்டுக்கோ வீட்டில் இருப்பவருக்கோ ஒரு மெசேஜ் போடுங்கள். எந்தப் பாதை, எத்தனை பேர், கார் நம்பர், எத்தனை மணிக்குள் கீழே வருவோம், அந்த நேரம் தாண்டி எவ்வளவு காத்திருந்துவிட்டு 911-ஐ அழைக்க வேண்டும். ஐந்து வரிதான். நடுவழியில் பனியோ மேகமோ கண்டு திரும்பிவிட்டால், அவர்களுக்கு அனுப்ப வேண்டிய அடுத்த மெசேஜ் இன்னும் சின்னது: “உச்சி போகல. கீழ வந்துட்டோம். நல்லா இருக்கோம்.”

அடுத்த பிப்ரவரியில் லாட்டரி மறுபடி திறக்கும்.